வைலேயிலிருந்து ஹார்ட்ஸ் மலைக்கு: இடம் மாறிய எல்லைகளின் கதை

டென்மார்க்கில் எல்லாம் உண்டு, மலை மட்டும் கிடையாது. இதைச் சொன்னால் டேனிஷ்காரங்களுக்குக் கொஞ்சம் வருத்தம் வரும். "வான மலை" என்று அவங்க ஆசையாய்ப் பேர் வெச்சிருக்கிற ஹிம்மெல்பியர்கெட்டின் மொத்த உயரமே 147 மீட்டர்தான். நாட்டிலேயே உயரமான இயற்கை மேடு மொல்லஹோய். அதுவும் 171 மீட்டரைத் தொடவில்லை, சில சென்டிமீட்டர் குறைவு. திருச்சி மலைக்கோட்டையை ஒன்றின் மேல் ஒன்றாக ரெண்டு தடவை அடுக்கினால் டென்மார்க்கின் உச்சி வந்துடும். அவ்வளவுதான் விஷயம் :)

நான் படிக்கிற வைலே இந்த ஊர் கணக்குக்கு மேடுபள்ளமான இடம். கடல் உள்ளே நுழைந்து நிற்கும் பள்ளத்தாக்கு, ரெண்டு பக்கமும் மரம் அடர்ந்த சரிவு. சைக்கிள் மிதிக்கிறவன் காலுக்கு அது மலைதான், கண்ணுக்கு இல்லை. அதனால் அக்டோபரில் வருகிற ஒரு வார லீவுக்கு எல்லாரும் தெற்கே பார்ப்பாங்க. அந்த லீவுக்கு இங்கே "உருளைக்கிழங்கு லீவு" என்றே பேர். ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் வயலில் கிழங்கு பொறுக்கப் போன நாட்கள். இப்போ கிழங்கை மெஷின் எடுக்கிறது, பிள்ளைகள் ஜெர்மனி போகிறார்கள்.

நாங்களும் போனோம். ஆள் மூன்று: நான், கூடப் படிக்கிற மதுரைக்காரன், பிறகு இந்த ஊரிலேயே முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் இருக்கிற யாழ்ப்பாணத்து அங்கிள் ஒருவர். கார் அவருடையது, ஓட்டியதும் அவர்தான். போன இடம் ஹார்ட்ஸ் மலை. டென்மார்க்கிலிருந்து தெற்கே ஓட்டினால் முதலில் கண்ணில் படுகிற உருப்படியான மலைத்தொடர் அதுதான். வைலேயிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர்.

மூன்று நாள் சுற்றிவிட்டு வந்து யோசித்தால், மலையை விட மனசில் நின்றது எல்லைகள்தான். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். டென்மார்க் என்றாலே நம்மாட்கள் தரங்கம்பாடியைத் தேடுவாங்க. அது வேற கதை, இன்னொரு நாள் பேசலாம்.

எல்லை ஒன்று: நடந்து போன கோடு

வைலேயிலிருந்து கோல்டிங் தாண்டி இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் ஒரு பழைய எல்லை வருகிறது. பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வயல், காற்றாலை, பன்றிப் பண்ணை. ஆனால் 1864-லிருந்து 1920 வரை டென்மார்க் இங்கேதான் முடிந்தது. மேற்குப் பக்கம் கொங்கே ஆறு என்று ஒரு சின்ன ஆறு ஓடுகிறது, நம்ம ஊர் வாய்க்கால் அளவு. அதுதான் ஒரு காலத்தில் டென்மார்க்குக்கும் ஜெர்மனிக்கும் நடுவே இருந்த எல்லை.

1864-ல் ப்ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சேர்ந்து டென்மார்க்கை அடித்தன. அந்தப் போரில் மார்ச் 8-ம் தேதி வைலே ஊருக்குள்ளேயே சண்டை நடந்தது. ஆஸ்திரியப் படை டேனிஷ் படையைப் பின்வாங்க வைத்தது. போர் முடிந்தபோது ஸ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் முழுக்கக் கைவிட்டுப் போனது. வீட்டில் டேனிஷ் பேசிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊரை விட்டு நகராமலேயே வேற நாட்டுக்காரங்க ஆயிட்டாங்க. முதல் உலகப் போர் வந்தபோது அந்த வட ஸ்லெஸ்விக் பகுதியிலிருந்து சுமார் 30,000 பேர் ஜெர்மன் சீருடையில் போனாங்க. ஐயாயிரத்துக்கும் மேலானவங்க திரும்பி வரலை. தங்கள் நாடில்லாத ஒரு நாட்டுக்காகச் செத்தவர்கள்.

1920-ல் வாக்கெடுப்பு நடந்தது. வடக்குப் பகுதியில் பிப்ரவரி 10-ம் தேதி, முக்கால்வாசிப் பேர் டென்மார்க் என்றார்கள். அதற்குத் தெற்கே ஃப்ளென்ஸ்புர்க் உள்ள பகுதியில் மார்ச் 14-ம் தேதி, ஐந்தில் நான்கு பேர் ஜெர்மனி என்றார்கள். கோடு அப்படியே ரெண்டுக்கும் நடுவில் விழுந்தது. அதே ஜூலையில் மன்னர் பத்தாம் கிறிஸ்டியன் வெள்ளைக் குதிரையில் பழைய எல்லையைத் தாண்டி வந்த படத்தை இங்கே பள்ளிப் புத்தகம் படித்த யாரும் மறக்க மாட்டாங்க.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. தோற்ற பக்கத்தை யாரும் விரட்டலை. ஃப்ளென்ஸ்புர்க்கில் இன்றும் டேனிஷ் பள்ளிக்கூடங்கள் இருக்கு. 1869-ல் தொடங்கிய டேனிஷ் பத்திரிகை இன்னும் வருது. இந்தப் பக்கம் டென்மார்க்குக்குள் ஜெர்மன் பள்ளிகள் இருக்கு. வாக்குப்பெட்டி வைத்து எல்லை போட்ட ஊர்கள் உலகத்தில் அதிகம் இல்லை. நம்ம பக்கம் எல்லை எப்படிப் போட்டார்கள் என்று நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். 1947-ல் ராட்க்ளிஃப் என்ற வழக்கறிஞர், அதற்கு முன் இந்தியாவையே பார்க்காதவர், சில வாரங்களில் வரைந்து கொடுத்துவிட்டுப் போன கோடு அது.

இப்போதைய எல்லையில் 2019-ல் டென்மார்க் கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வேலி போட்டது. மனுஷனுக்கு இல்லை, காட்டுப் பன்றிக்கு! ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உள்ளே வந்தால் பண்ணைப் பன்றி ஏற்றுமதி படுத்துவிடும் என்ற பயம். உயரம் ஒன்றரை மீட்டர். "மனுசர் ஏறிக் குதிக்கலாம், பண்டிக்குத்தான் ஏலாது" என்று அங்கிள் சிரித்தார்.

மனுஷனுக்கு என்று தனியாகச் சோதனை இருக்கிறது. ரெண்டு நாடுமே ஷெங்கன் ஒப்பந்தத்தில் இருந்தாலும், 2016 ஜனவரியில் "தற்காலிகம்" என்று சொல்லி டென்மார்க் தொடங்கிய எல்லைச் சோதனையை நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள். 2024 செப்டம்பரில் ஜெர்மனியும் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. அன்றைக்கு எங்களை யாரும் நிறுத்தவில்லை. ஆனாலும் மதுரைக்காரன் பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் மடியில் வைத்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தான். பின் சீட்டில் நானும் அப்படித்தான்.

வெள்ளி போன வழி

ஹாம்புர்க் அடியில் எல்பே சுரங்கப்பாதை, பிறகு ஹனோவர், அதன்பின் சட்டென்று தரை எழும்புகிறது. முதல் இரவு கோஸ்லாரில் தங்கினோம். மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள், கல் பாவிய தெரு. ஆயிரம் வருஷத்துக்கு முன் ஜெர்மானியப் பேரரசர்கள் அரண்மனை கட்டி உட்கார்ந்த ஊர். ஏன் இந்தக் குளிர்க்காட்டில் வந்து உட்கார்ந்தார்கள்? ஊருக்குப் பின்னால் ராமல்ஸ்பெர்க் என்று ஒரு மலை. உள்ளே வெள்ளி, செம்பு, ஈயம். ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவிடாத தோண்டல். 1988 ஜூனில்தான் சுரங்கத்தை மூடினார்கள். 1992-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

இதற்கும் வைலேக்கும் ஒரு தொடர்பு இருக்கு. வைலே பக்கத்தில் யெல்லிங் என்ற ஊரில் நீலப்பல் ஹரால்ட் மன்னர் 10-ம் நூற்றாண்டில் நட்ட கல்வெட்டு நிற்கிறது. உங்கள் போனில் இருக்கும் புளூடூத்துக்குப் பேர் கொடுத்த அதே ஆசாமி. அவர் காலத்திலும் அதற்குப் பின்னும் ஹார்ட்ஸ் வெள்ளியில் அடித்த காசுகள் வடக்கே போய்க்கொண்டே இருந்தன. மூன்றாம் ஓட்டோ பேரும் அவர் பாட்டி அடெல்ஹைட் பேரும் பொறித்த சின்னக் காசுகள் ஸ்காண்டிநேவியா முழுக்கப் புதையல்களில் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. அரசர்கள் எல்லையில் வெட்டிக்கொண்டிருந்தாலும் வெள்ளி பாட்டுக்கு எல்லை தாண்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

சுரங்கம் காட்டையும் தின்றது. உலைக்கும் சுரங்கத் தாங்கலுக்கும் மரம் வேண்டி இருந்த காட்டை வெட்டினார்கள். வெட்டின இடத்தில் சீக்கிரம் வளரும் ஸ்ப்ரூஸ் மரத்தை மட்டும் வரிசையாக நட்டார்கள். அந்த ஒற்றைப் பயிர்க் காடு 2018-லிருந்து வந்த வறட்சியிலும் பட்டை வண்டிலும் மாட்டி மலை மலையாய்ச் செத்துப் போச்சு. நாங்கள் போனபோது சாம்பல் நிற மொட்டை மரங்கள் ஈட்டி மாதிரி நின்றுகொண்டிருந்தன. நடுவில் புதுசாய் முளைத்த பச்சை. கார்டில் பார்க்கிற ஹார்ட்ஸ் இது இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எல்லை இரண்டு: மூடிய மலை

மறுநாள் காலை அங்கிள் எங்கள் ரெண்டு பேரையும் டோர்ஃப்ஹவுஸ் என்ற இடத்தில் இறக்கிவிட்டார். அங்கிருந்து ப்ரோக்கன் உச்சிக்கு எட்டு கிலோமீட்டர் நடை. வடக்கு ஜெர்மனியிலேயே உயரமான மலை, 1,141 மீட்டர். தொட்டபெட்டாவில் பாதி கூட இல்லை என்றாலும், சுற்றிலும் தட்டைப் பூமி என்பதால் காற்று ஆளைத் தூக்குகிறது. வருஷத்தில் முந்நூறு நாளுக்கு மேல் பனிமூட்டம். அங்கிளுக்கு முழங்கால் வலி. அதனால் அவர் மலையைச் சுற்றி மறுபக்கம் ஷீர்கெ ஊருக்குக் காரில் போய், அங்கிருந்து நீராவி ரயிலில் உச்சிக்கு வருவதாகத் திட்டம்.

நடக்கிற பாதைக்குக் கவிஞர் கோதே பேர் வைத்திருக்கிறார்கள். 1777 டிசம்பரில், பனியில், அவர் இந்த மலை ஏறினார். பிற்பாடு "ஃபாவுஸ்ட்" நாடகத்தில் சூனியக்காரிகள் கூடும் இடமாக இதையே வைத்தார். ஹைன்ரிக் ஹைன என்ற இன்னொரு கவிஞர் 1824-ல் ஏறி ஒரு பயணப் புத்தகமே எழுதினார். சூனியக்காரி பொம்மை இன்றைக்கும் எல்லாக் கடையிலும் தொங்குகிறது. அதை விட்டுவிடலாம். நான் தேடிப் போனது வேற.

பாதி வழியில் கால் கீழே தரை மாறுகிறது. ஓட்டை ஓட்டையாய் இருக்கிற சிமெண்ட் பலகைகள், ரெண்டு வரிசை, ஒரு ஜீப் அகலம். கிழக்கு ஜெர்மனி எல்லைக் காவல்படை வண்டி ஓட்டின பாதை அது. அங்கிருந்து அந்தப் பக்கம் முன்னாள் கிழக்கு, இந்தப் பக்கம் முன்னாள் மேற்கு. கிட்டத்தட்ட 1,400 கிலோமீட்டர் நீளம் ஜெர்மனியைக் கிழித்துப் போன வேலி இந்த மலைமேலும் போனது.

பெர்லின் சுவர் எல்லாருக்கும் தெரியும். இந்த வேலி அவ்வளவாய்த் தெரியாது. ஆனால் கதை இங்கேதான் முந்தித் தொடங்கியது. 1952 மே மாதம் கிழக்கு ஜெர்மனி எல்லையோரம் ஐந்து கிலோமீட்டர் அகலத்துக்குத் தடை வலயம் அறிவித்தது. அதற்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். எல்லைக்குப் பக்கத்தில் 500 மீட்டருக்கு இன்னும் கடுமையான கட்டுப்பாடு. "நம்பகமில்லாதவர்" என்று முத்திரை குத்திய எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டை விட்டு உள்நாட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். 1961-ல் இன்னும் சுமார் மூவாயிரம் பேர். 1952 நடவடிக்கைக்கு அதிகாரிகள் வைத்த பேருக்கு அர்த்தம் "பூச்சி புழு". அரசாங்கம் தன் சொந்த மக்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது சில சமயம் கோப்பின் தலைப்பிலேயே தெரிந்துவிடும்.

1961 ஆகஸ்டில் ப்ரோக்கன் முழுக்க மூடப்பட்டது. மேற்குக்காரர்களுக்கு மட்டும் இல்லை, மலையடிவாரத்தில் பிறந்த கிழக்குக்காரர்களுக்கும். உச்சியைச் சுற்றி 3.6 மீட்டர் உயரச் சிமெண்ட் மதில். உள்ளே சோவியத் ராணுவமும் ஸ்டாஸி உளவுத்துறையும். வெள்ளைக் குவிமாடத்துக்குக் கீழே ஆண்டெனா வைத்து மேற்கு ஜெர்மனியின் தொலைபேசிகளை ஒட்டுக் கேட்டார்கள். குவிமாடத்தைப் பார்த்துவிட்டு ஜனங்கள் அதற்கு "ஸ்டாஸி மசூதி" என்று பேர் வைத்தார்கள். இந்தப் பக்கம் வூர்ம்பெர்க் மலைமேல் நேட்டோ கோபுரம் கட்டி அவர்களை ஒட்டுக் கேட்டது. இரண்டு மலையும் ஒன்றையொன்று காது வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தன, பேசவில்லை.

தாண்ட முயன்றவர்கள் செத்தார்கள். இந்த வேலி நெடுக நூற்றுக்கணக்கானவர்கள். ஹார்ட்ஸில் ஹோகெகைஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1963 ஆகஸ்ட் 1-ம் தேதி ஹெல்முட் க்ளைனெர்ட் என்ற இளைஞர் மனைவியோடு தப்ப முயன்றபோது சுடப்பட்டார். அவர் நினைவுக்கு அங்கே கல் இருக்கிறது. அந்தப் பக்கம் எக்கர் அணை இன்னொரு கூத்து. 1940-களின் தொடக்கத்தில் கட்டி முடித்த அணை, போருக்குப் பிறகு எல்லைக்கோடு அணைக்கட்டின் மேலேயே விழுந்துவிட்டது. ஒரே அணை, பாதி கிழக்கு, பாதி மேற்கு, நடுவில் காவல்!

1989 நவம்பர் 9-ம் தேதி பெர்லினில் சுவர் திறந்தது. ரெண்டு நாளில் ஹார்ட்ஸில் ஸ்டாபெல்புர்க் பக்கம் எல்லை திறந்தது. ஆனால் ப்ரோக்கன் திறக்கவில்லை. ஒட்டுக் கேட்கும் இடமாச்சே, விடுவாங்களா? டிசம்பர் 3-ம் தேதி ஜனங்களே ஷீர்கெ, இல்சென்புர்க் பக்கமிருந்து கூட்டமாக மலை ஏறி மதிலுக்கு முன் நின்றார்கள். நடுப்பகலில் கதவு திறந்தது. இருபத்தெட்டு வருஷம் அண்ணாந்து மட்டும் பார்த்த தங்கள் சொந்த மலையில் அன்றைக்குத்தான் கால் வைத்தார்கள். கடைசி ரஷ்யச் சிப்பாய் இறங்கிப் போனது 1994 மார்ச்சில். உளவுக் குவிமாடம் இருந்த கட்டடம் இப்போது அருங்காட்சியகம்.

எல்லை மூன்று: நம்மாட்களுக்குத் திறந்த வாசல்

அங்கிள் எங்களுக்கு முன்னாடியே உச்சிக்கு வந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய வரைபடம். வேலி எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று சிவப்புக் கோடு. அதன் முன் ரொம்ப நேரம் நின்றுவிட்டு அவர் சொன்னார்:

"தம்பி, நான் 86 மார்ச்சில இந்தக் கோட்டுக்கு அங்கால இருந்துதான் வந்தனான். கொழும்பில ஏறி, மொஸ்கோவில மாறி, கிழக்கு பெர்லின். அங்கயிருந்து ரயில், பிறகு கப்பல். ஒருத்தரும் என்ன ஏது எண்டு கேக்கேல்ல. எனக்கு அப்ப இருவது வயசு."

"கேட்கவே இல்லையா அங்கிள்?"

"டிக்கெட்டைத்தான் பாத்தவங்கள். எங்களை விட்டவன், தன்ர சனத்தை விடேல்லையே தம்பி."

இதற்குப் பின்னால் இருக்கிற வரலாறு இதுதான். 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறியபோது, ஐரோப்பாவுக்குள் நுழைய எளிதாக இருந்த வழிகளில் ஒன்று கிழக்கு ஜெர்மனி. சோவியத் விமானத்தில் மாஸ்கோ வழியாக ஷோனெஃபெல்ட் விமான நிலையம். அங்கே கடந்துபோகும் விசா கிடைக்கும். பிறகு பெர்லின் உள்ளூர் ரயிலில் ஏறி ஃப்ரீட்ரிக்ஷ்ட்ராஸெ நிலையம் வழியாக மேற்கு பெர்லின். மேற்குப் பக்கம் ஏன் தடுக்கவில்லை? தடுத்தால் அந்தக் கோட்டை ஒரு நாட்டின் எல்லை என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். பெர்லின் ஒரே நகரம் என்பது மேற்குலகின் சட்ட நிலைப்பாடு. அதனால் கிழக்கிலிருந்து வருகிறவனிடம் கடவுச்சீட்டு கேட்பதில்லை. கிழக்கு ஜெர்மனிக்கோ விமானக் கட்டணம் டாலரில் வருகிறது, கூடவே மேற்கை நெருக்க ஒரு பிடியும் கிடைக்கிறது. ரெண்டு அரசாங்கங்களின் பிடிவாதத்துக்கு நடுவே இருந்த சந்தில் நம்மாட்கள் நுழைந்தார்கள்.

சந்து ரொம்ப நாள் திறந்திருக்கவில்லை. 1985-ல் மேற்கு ஜெர்மனியில் புகலிடம் கேட்ட இலங்கையர் மட்டும் பதினேழாயிரத்துக்கும் மேல். அதே ஜூலையில், மேற்கு ஜெர்மனி தரும் வட்டியில்லாக் கடன் வரம்பை உயர்த்தும் பேச்சோடு பேச்சாக, மேற்கின் விசா இல்லாத இலங்கையர்களை இனி ஏற்றுவதில்லை என்று கிழக்கு ஒப்புக்கொண்டது. பிறகு டென்மார்க், ஸ்வீடன் பக்கம் போகிற வழி மிச்சம். வார்னெமுண்டெயிலிருந்து கெத்ஸர் வரும் கப்பல். அங்கிள் வந்தது அதில்தான். 1986 அக்டோபரில் அதுவும் அடைபட்டது. கிழக்கு ஜெர்மனி, போகும் நாட்டின் விசா இல்லாதவர்களை நிறுத்தியது. டென்மார்க்கும் அதே மாதம் சட்டத்தை இறுக்கியது. ஆறு ஏழு மாதம் பிந்தியிருந்தால் அங்கிள் இப்போ ப்ரோக்கன் உச்சியில் சூப் குடித்துக்கொண்டிருக்க மாட்டார்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் உறைத்தது. ஒரே அரசாங்கம், ஒரே வருஷங்கள். தன் பிள்ளை மலை ஏறக்கூட விடாமல் சுட்டது. பருத்தித்துறைப் பையனைக் கப்பல் ஏற்றி அனுப்பியது. பையன் மேல் பாசமும் இல்லை, தன் பிள்ளை மேல் தனிப்பட்ட வன்மமும் இல்லை. கணக்கு. கணக்கு மாறியதும் வாசலும் மாறியது. உள்ளே வந்தவன் பிழைத்தான், வாசலில் நின்றவன் நின்றான்.

துன்பம், கவலை என்று ரெண்டு ஊர்

இறங்கி வருகிற வழியில் ரெண்டு ஊர். ஒன்று ஏலென்ட், இன்னொன்று சோர்கெ. ஜெர்மனில் முதலாவதுக்கு அர்த்தம் "துன்பம்", ரெண்டாவதுக்கு "கவலை". வழிகாட்டிப் பலகையில் ரெண்டும் கிலோமீட்டரோடு எழுதியிருக்கும், மதுரைக்காரன் ஓடிப் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டான். ரெண்டுமே அந்தத் தடை வலயத்துக்குள் அடைபட்டுக் கிடந்த ஊர்கள். சோர்கெயில் பழைய வேலி, காவல் கோபுரம் கொஞ்சம் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். திறந்தவெளி அருங்காட்சியகம். "கவலை" என்ற பேர் "எல்லை" என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கமும் உண்டு.

ஏலென்ட் இன்னும் சுவாரசியம். இன்றைக்குத் துன்பம் என்று பொருள்படும் இந்தச் சொல்லின் பழைய ஜெர்மன் வடிவத்துக்கு அர்த்தம் "வேற்று நாடு", தன் மண்ணை விட்டு வெளியே இருப்பது. வெளியூரில் இருப்பதே துன்பம் என்று ஆகி, பிறகு துன்பம் மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. பழந்தமிழில் "புலம்பு" என்றால் தனிமை. இப்போ புலம்பு என்றால் அழுது அரற்றுவது. அதுவும் இதே மாதிரி நடந்து வந்த பாதைதான். தனியா இருக்கிறவன்தானே புலம்புவான்! அங்கிளிடம் சொன்னேன். "அப்ப எங்கட ஊருக்கும் இந்தப் பேரையே வைக்கலாம்" என்றார். எந்த ஊரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

எல்லை நான்கு: கோப்புக்குள் இருந்தது

திரும்பி வரும்போது ராத்திரி காரில் பேச்சு டென்மார்க் பக்கம் போனது. வேலி இல்லாத நாட்டில் எல்லை எங்கே இருந்தது என்று தெரிய வேண்டுமானால் "தமிழர் வழக்கு" பற்றித் தெரிந்திருக்க வேண்டும். டேனிஷ்காரர்கள் அந்தப் பேரிலேயே சொல்கிறார்கள். இங்கே படிக்கிற நம்ம ஊர்ப் பசங்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

1983-ல் வந்த டேனிஷ் வெளிநாட்டவர் சட்டம் அகதிகளுக்குத் தாராளமானது. அகதியாக ஏற்கப்பட்டவர் மனைவி, பிள்ளைகளை அழைத்துக்கொள்வது அவர் உரிமை. 1987-ல் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்பங்களிடமிருந்து வந்த விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் சொன்னார். சட்டம் மாறவில்லை. அறிவிப்பு வரவில்லை. கோப்புகள் மட்டும் நகரவில்லை. போர் நடந்துகொண்டிருந்த ஊரில் பெண்களும் குழந்தைகளும் காத்திருந்தார்கள். "அந்த நேரம் ஒவ்வொரு வீட்டிலயும் ஆரோ ஒராள் தபால்காரனைப் பாத்துக்கொண்டு இருந்தது" என்றார் அங்கிள்.

விஷயம் வெளியே வந்து, பிரதமர் பௌல் ஸ்லூட்டர் நாடாளுமன்றத்தில் எதையும் மறைக்கவில்லை என்று சாதித்து, கடைசியில் நீதிபதி ஹோர்ன்ஸ்லெட் தலைமையில் விசாரணை நடந்து, 1993 ஜனவரியில் ஆயிரக்கணக்கான பக்க அறிக்கை வந்தது. ஸ்லூட்டர் பதவி விலகினார். பத்து வருஷத்துக்கும் மேல் ஆண்டவர். 1995-ல் அமைச்சர்களை விசாரிக்கும் தனி நீதிமன்றம் நின்-ஹான்சனைக் குற்றவாளி என்றது. நான்கு மாதச் சிறை, ஆனால் நிறுத்தி வைத்த தண்டனை.

சில நூறு தமிழ்க் குடும்பங்களின் கோப்புகளுக்காக ஒரு ஐரோப்பிய அரசாங்கம் விழுந்தது. நினைத்தால் பெருமையாத்தான் இருக்கு. ஆனால் அந்தக் கோப்புகளுக்குள் போன வருஷங்களை யாரும் திருப்பித் தரவில்லை. சுவர், மதில், வேலி எல்லாம் பார்த்துவிட்டு வந்த எனக்கு, அதில் எதுவுமே இல்லாமல் ஒரு மேஜை இழுப்பறையால் அதே வேலையைச் செய்ய முடியும் என்பதுதான் பயமா இருந்தது. ஒரே வித்தியாசம்: அங்கே மலை திறக்க இருபத்தெட்டு வருஷமும் ஒரு கூட்டமும் வேண்டியிருந்தது. இங்கே கேள்வி கேட்கப் பத்திரிகையும் நாடாளுமன்றமும் நீதிபதியும் இருந்தார்கள். அந்த வித்தியாசம் சின்னது இல்லை.

இன்றைக்கு டென்மார்க்கில் இலங்கை வம்சாவளியினர் பத்தாயிரத்துக்கும் மேல். யூட்லாண்ட் பக்கத்துச் சின்ன ஊர்களில்கூடத் தமிழ்க் குடும்பம் இருக்கும். அவர்கள் பிள்ளைகள் டாக்டர், இன்ஜினியர் என்று டேனிஷ் பேசுகிறார்கள். அவர்களில் பலருக்கு அப்பா அம்மா எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்பதே தெரியாது. தெரிந்தவர்கள் அறுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு அங்கிள், ஆன்ட்டி இருப்பாங்க. ஒரு நீளமான கார்ப் பயணத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. வீட்டு ஹாலில் சொல்லாததைக் கார் ஓட்டிக்கொண்டே சொல்வாங்க.

போக நினைப்பவர்களுக்கு

மூன்று நாள் போதும். ப்ரோக்கன் உச்சிக்குச் சொந்தக் கார் போகாது. நடக்கணும், இல்லாவிட்டால் நீராவி ரயில். கோடையிலும் குளிர் உடுப்பு கட்டாயம். கோஸ்லாரில் சுரங்கத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். சோர்கெ எல்லை அருங்காட்சியகத்தை விடாதீர்கள், கூட்டமே இருக்காது. எக்கர் அணைக்கு ஒரு நல்ல நடைவழி உண்டு. சாலையில் பழைய எல்லையைத் தாண்டும் இடங்களில் பழுப்பு நிறப் பலகை இருக்கும். ஜெர்மனியும் ஐரோப்பாவும் எந்தத் தேதி, எத்தனை மணி வரை இங்கே பிரிந்திருந்தன என்று எழுதியிருக்கும். வண்டியை ஓரமாக நிறுத்திப் படியுங்கள்.

மாணவர்கள் பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை ரெண்டையும் மறக்காமல் எடுத்துப் போங்க. நேரம் கிடைத்தால் அடுத்து வார்னெமுண்டெ துறைமுகம் பக்கம் போகலாம் என்று அங்கிள் சொல்லியிருக்கிறார். போனால் எழுதுகிறேன்.